பிள்ளை பிடிக்கிறவர் வெளியூர்க்காரர் அல்ல: குழந்தைகள் எப்படிக் கைமாறுகிறார்கள்

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதிலிருந்த 65 வயது அம்மா, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ‘வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் அப்போது வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் கூடியது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அதற்கடுத்த மாதங்களில், டெல்டாவில் ஆடு மேய்க்க விடப்பட்டிருந்த சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்தன. யாரும் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பெற்றவர்கள் கையில் பணம் கொடுத்து, அவர்கள் சம்மதத்தோடு, தெரிந்த ஆட்கள் அழைத்துப்போயிருந்தார்கள். பஸ் போகிற ரோட்டோரத்து வயலில்தான் பையன்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்து எந்த ஊரும் கூடவில்லை.

குழந்தைக் கடத்தல் என்றதும் நம் மனதில் வருகிற படம் ஒன்று, நடப்பது வேறொன்று. எந்தப் பிள்ளை, எந்த வீட்டிலிருந்து, ஏன் அந்த வாரத்தில் கைமாறுகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே சொல்லில் மூன்று குற்றம்

குழப்பத்தில் பாதி மொழியிலேயே இருக்கிறது. தங்கம் கடத்தினாலும், விமானத்தைக் கடத்தினாலும், ஆளைக் கடத்தினாலும் தமிழில் ‘கடத்தல்’தான். அதனால் ‘குழந்தைக் கடத்தல்’ என்றால் வாயைப் பொத்தித் தூக்கிப்போவது என்று புரிந்துகொள்கிறோம். அப்படியும் நடக்கிறது, அது ஆளைத் தூக்கும் குற்றம், அதற்குத் தனிச் சட்டப் பிரிவுகள் உள்ளன. நாம் பேசப்போவது ஆளை வைத்து நடக்கும் வியாபாரம். அதை இந்தக் கட்டுரையில் ‘ஆள் வணிகம்’ என்றே சொல்கிறேன்.

ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பலெர்மோ உடன்பாடு இதை மூன்று பகுதிகளாகப் பார்க்கிறது. முதலாவது செயல்: ஆள் சேர்ப்பது, கூட்டிப்போவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது. இரண்டாவது வழிமுறை: மிரட்டல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவது. மூன்றாவது நோக்கம்: சுரண்டல், அதாவது ஒருவருடைய உடலையோ உழைப்பையோ அவர் மறுக்க முடியாத நிலையில் வைத்துப் பயன்படுத்திக்கொள்வது. 18 வயதுக்குக் கீழே என்றால் இரண்டாவது பகுதியை நிரூபிக்கவே வேண்டியதில்லை. செயலும் நோக்கமும் இருந்தால் போதும்.

நம் நாட்டில் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவாக இருந்தது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ‘அவங்க அப்பா அம்மாவே சம்மதிச்சுத்தானே அனுப்பினாங்க’ என்பதுதான் முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஆனால் ஒரு பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து சம்மதம் வாங்குவதையே சட்டம் குற்றத்தின் வழிமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. தற்காப்பாகச் சொல்லும் அந்த வாக்கியமே குற்றத்தின் ஒரு பாகம். ஒரு குழந்தையை வைத்து இதைச் செய்தவருக்கு 10 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் 14 ஆண்டுக்குக் குறையாது.

சுருக்கமாக: ஆள் வணிகத்துக்குத் தூக்கிப்போவது அவசியமில்லை, எல்லை தாண்டுவதும் அவசியமில்லை. பக்கத்து ஒன்றியத்துக்குப் பெற்றோர் கையாலேயே அனுப்பப்பட்ட பிள்ளையும் அதில் அடக்கம்.

அடகுக் கடையிலிருந்து தொடங்கலாம்

அவசரத்துக்குப் பணம் வேண்டுமானால் என்ன செய்வோம்? கழுத்தில் கிடப்பதைக் கழற்றி அடகு வைப்போம். கடைக்காரர் சீட்டு கொடுப்பார். அசலும் வட்டியும் கட்டினால் நகை திரும்பி வரும்.

கழுத்தில் ஒன்றுமில்லாத வீடு? நிலத்தின் பேரில் வாங்கலாம். பட்டாவே இல்லாத வீடு? சம்பளக்காரச் சொந்தத்திடம் கைமாற்றாக வாங்கலாம். சொந்தத்தில் ஒருவரும் சம்பளக்காரர் இல்லையென்றால்? கடைசியில் மிஞ்சுவது உழைப்பு. அதைத்தான் அடகு வைக்கிறார்கள். பெரியவர்களின் உழைப்பு ஏற்கெனவே வேறொரு கடனில் மாட்டியிருந்தால் பிள்ளையின் உழைப்பு போகிறது.

இந்த அடகுக்குப் பெயர் ‘அட்வான்ஸ்’, முன்பணம். வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, விட்டுப்போக உரிமையில்லாமல் வேலை செய்வது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழித்தது. அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை. நாட்டில் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு வரி தெரியாது. அந்த அறியாமையில்தான் தொழிலே ஓடுகிறது.

நகை அடகுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம், இங்கே சீட்டு கிடையாது. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது முதலாளியின் மனக்கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு வருடத்துக்கு 30,000 ரூபாய் என்று பேசினால் ஒரு நாளைக்கு 82 ரூபாய் வருகிறது. தமிழ்நாட்டில் 2025-26இல் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 336 ரூபாய். நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. அதுவும் ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதுவும் கழிக்காமல். இடையில் அப்பா போய் இன்னொரு 2,000 வாங்கிவந்தால் பையனின் வருடம் நீளும்.

கிடைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்

டெல்டாவில் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறி மந்தைகள் வரும். மந்தைக்குத் தலைவர் கீதாரி. இரவில் ஆடுகளை வயலிலேயே வலையோ படலோ வைத்து அடைப்பதுதான் கிடை போடுவது. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். வயல்காரர் இத்தனை இரவு என்று பேசிப் பணமாகவோ நெல்லாகவோ கொடுப்பார். நூற்றாண்டுகள் பழைய, நல்ல வேளாண் முறை இது. கிடையில் தப்பில்லை. கீதாரிகளில் பெரும்பாலோர் தாங்களே வெயிலில் காய்கிறவர்கள். சில மந்தைகளில் கூடவே வரும் பையன்தான் பிரச்சினை.

அவன் வேலை விடியும் முன்பே தொடங்கும். இரவு போட்ட குட்டிகளை எடுத்துக் கூடையில் அடைப்பது, மந்தையை ஓட்டுவது, நெல் நிற்கிற வயலில் ஆடு இறங்காமல் மறிப்பது, தண்ணீர் காட்டுவது, இருட்டியதும் அடைப்பது. இரவில் நாயும் நரியும் வரும், திருடனும் வருவான்; அதனால் அவன் படுக்கை கிடையின் ஓரத்தில் விரித்த சாக்கு. ஆடு ஒன்று தொலைந்தால் அதன் விலை கடனில் ஏறும்.

அவன் ஏன் ஓடிப்போகவில்லை என்று கேட்பார்கள். கட்டிப்போடவில்லையே என்பார்கள். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை வயல் மாறுகிறது, சில வாரங்களில் தாலுகாவே மாறுகிறது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. கையில் காசு இல்லை, போன் இல்லை. ஓடிவந்தால் அப்பாவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அவனைக் கட்டிப்போடச் சங்கிலி எதற்கு?

மந்தை நகர்ந்துகொண்டே இருப்பதால் அவன் எந்த ஊர்ப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. அங்கன்வாடி அம்மாவுக்குத் தெரியாது, வி.ஏ.ஓ.வுக்குத் தெரியாது. எங்கே அவனைக் காணோம் என்று கேட்க ஒரு ஆள் இல்லாத இடத்தில் அவன் வாழ்கிறான். வாத்து மேய்ப்பு, செங்கல் சூளை, மரம் வெட்டு, கரும்பு வெட்டு என்று இடம் மாறும் எல்லா வேலைகளுக்கும் இந்தக் குணம் பொது.

வறுமை மட்டும் என்றால் கணக்கு உதைக்கிறது

‘எல்லாம் வறுமைதான்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்கள் பல லட்சம். அவற்றில் மிகச் சில குடும்பங்களே பிள்ளையை இப்படி அனுப்புகின்றன. ஆகவே வறுமையோடு வேறு என்னென்ன சேருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு குழந்தையை இந்த வணிகத்துக்கு எளிய இலக்காக்கும் சூழலின் கூட்டுத்தொகையை ‘பாதிப்புக்குள்ளாகும் நிலை’ என்று துறைசார்ந்தோர் சொல்வார்கள். பெயர் பெரிது, உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

முதலில், ஒரே நாளில் தேவைப்படும் மொத்தப் பணம். ரேஷன் அரிசியும் மதிய உணவும் இருப்பதால் இங்கே பசி மட்டும் பிள்ளையை வெளியே தள்ளுவது குறைவு. ஆஸ்பத்திரிச் செலவு, சாவுச் செலவு, மூத்தவள் கல்யாணம், குழுக் கடனின் வாரத் தவணை ஆகியவைதான் தள்ளுகின்றன. இவை மாதம் 500 மிச்சம் பிடித்துக் கட்டும் செலவுகள் அல்ல. நாளைக் காலை 20,000 வேண்டும். அந்த இரவில் அதைத் தரக்கூடிய ஒரே ஆள் முன்பணக்காரராக இருந்தால், பேரம் அவர் சொன்னபடிதான்.

கஜாவுக்குப் பிறகு நடந்ததை இப்படிப் பார்த்தால் புரியும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் விழுந்தன. விழுந்த மரத்துக்கு நிவாரணம் தோப்புக்காரருக்கு. தோப்பில் காய் பறித்தவருக்கும் மட்டை உரித்தவருக்கும் மரம் ஏது, மரக்கணக்கு ஏது? புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை அந்தக் கூலியும் இல்லை. கூரை மட்டும் உடனே போட வேண்டும்.

அடுத்தது சாதி. இதைச் சொல்லாமல் மற்றதை எல்லாம் சொல்வது வீண் வேலை. தமிழ்நாட்டில் கொத்தடிமையிலிருந்து மீட்கப்படுவோரில் பழங்குடியினரான இருளர்களும் பட்டியல் சாதியினரும் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் சொந்தம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைச் சாதிதான் முடிவு செய்கிறது. நிலம் யாரிடம், பட்டா யாரிடம், போலீஸ் ஸ்டேஷனில் யார் உட்கார்ந்து பேசலாம் என்பதையும். தஞ்சையின் பழைய பண்ணையாள் முறையிலும் கல்யாணத்துக்கு வாங்கிய கடன்தான் குடும்பத்தைக் கட்டிவைத்தது. 1952இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. ‘ஆளுக்கு விடுவது’, அதாவது கடனுக்கு ஈடாக ஒருவரை வேலையாளாக விடுவது, அந்த நிலத்துக்குப் பழகிய சொல்.

காகிதம் இல்லாததும் இதோடு ஒட்டியது. பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமல் இருளர் பிள்ளைகளின் படிப்பு பத்தாவதோடு நிற்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பழங்குடிச் சான்று தர வேண்டியவர் கோட்டாட்சியர். கொத்தடிமை என்று கண்டறிந்து விடுதலைச் சான்று தர வேண்டியவரும் அவரேதான். முதல் காகிதத்தை நேரத்துக்குக் கொடுத்திருந்தால் இரண்டாவதற்கு வேலை குறைந்திருக்கும் என்று அந்த அலுவலக வராண்டாவில் காத்திருக்கும் எவருக்கும் தோன்றும்.

பிறகு பள்ளி. பள்ளி பாடம் சொல்லித் தருவதைவிட முக்கியமாக ஒன்று செய்கிறது: தினமும் பெயர் கூப்பிட்டுப் பார்க்கிறது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்குக் கீழேதான் எல்லா வேலையையும் தடுக்கிறது. 14இலிருந்து 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. இரண்டு சட்டமும் ஒரே பிறந்தநாளில் கையை விடுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் இடைநின்ற பிள்ளைகளை ஆள் சேர்ப்பவர்கள் தேடி வருவதற்கு இதுவே காரணம். போதாததற்கு 2016 திருத்தம், குடும்பத் தொழிலில் உதவும் குழந்தைக்கு விலக்கு தந்தது. மாமா, அத்தை, சித்தப்பாவும் அந்தக் ‘குடும்ப’த்தில் அடக்கம். ஆய்வாளர் வந்தால் ‘என் அக்கா பையன் சார்’ என்று பதில் வருவது அதனால்தான். ஆனால் அந்த விலக்கு பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா பையனும் பள்ளியில்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் மாற்றம் இன்னொன்று. அப்பா இறந்த வீடு, குடியில் மூழ்கிய வீடு, அம்மா வெளியூர் வேலைக்குப் போய்ப் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை, மறுமணத்துக்குப் பின் யாருக்கும் சொந்தமில்லாமல் போன பிள்ளை. இங்கே பாசம் குறைந்துவிட்டதா என்பது கேள்வியே அல்ல. ‘கூடாது’ என்று மறுக்கும் இரண்டாவது பெரியவர் வீட்டில் இல்லை என்பதுதான் விஷயம்.

சுருக்கமாக: திடீர்ச் செலவு, கடன் தர வேறு ஆளின்மை, சாதி, காகிதமின்மை, பள்ளியில் பெயர் விடுபடுவது, மறுக்க ஒரு பெரியவர் இல்லாதது. தனித்தனியாக இவை ஒவ்வொன்றையும் ஒரு குடும்பம் தாங்கிவிடும். மூன்று நான்கு ஒரே நேரத்தில் விழும்போதுதான் பிள்ளை நழுவுகிறது.

எல்லாம் ஒரே வீட்டில் சேர்ந்தபோது

2025 மே மாதம் காஞ்சிபுரம் அருகே புதைக்கப்பட்டிருந்த ஒரு சிறுவனின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஆந்திரத்தின் யானாதி பழங்குடிக் குடும்பம். வாத்து வளர்ப்பவர் ஒருவரிடம் 25,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அப்பா இறந்துபோனார். ஊருக்குப் போக விடும்படி அம்மா கேட்டபோது, வட்டி சேர்த்து 45,000 என்று கணக்குச் சொல்லப்பட்டது. பணம் புரட்டி வரும்வரை மகனை ஈடாக விட்டுவிட்டுப் போ என்றார்கள். அவர் பணத்தோடு வந்தபோது பையன் இல்லை, ஓடிப்போய்விட்டான் என்றார்கள்.

மேலே சொன்ன ஒவ்வொன்றும் இதில் இருக்கிறது. பழங்குடி, முன்பணம், விதவைத் தாய், ஊர் ஊராக நகரும் வாத்து மந்தை, மாநில எல்லை. ‘பெற்ற தாயே அடகு வைத்தார்’ என்ற தொனியில் இப்படிப்பட்ட செய்திகளுக்குத் தலைப்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாக்கியத்தில் அடகு பிடித்தவர் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்குப் பூட்டு மறுபக்கம்

ஆடு மேய்க்கும் பையனை முன்னால் கொடுத்த பணம் கட்டுகிறது. பஞ்சாலைக்குப் போன பெண்ணைக் கட்டியது பின்னால் தருவதாகச் சொன்ன பணம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் ‘சுமங்கலி’ என்றும் திருமணத் திட்டம் என்றும் பெயர் சொல்லி நடந்த முறை அது. மூன்று வருடம் ஆலை ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் 30,000 முதல் 60,000 வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று தென்மாவட்டக் கிராமங்களில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்தத் தொகை அவளுடைய சம்பளத்திலிருந்தே பிடித்தது. உடம்பு முடியாமல் இரண்டரை வருடத்தில் வீடு திரும்பினால் அது போச்சு. ஹாஸ்டலை விட்டுத் தனியாக வெளியே போக முடியாது.

பெற்றோரின் பக்கம் நின்று பார்த்தால் இது ஏமாளித்தனமாகத் தெரியாது. வரதட்சணை என்ற மொத்தத் தொகை எதிரே நிற்கிறது. பூட்டிய ஹாஸ்டல் ‘பாதுகாப்பு’ என்று தோன்றுகிறது. அவளுடைய சுதந்திரத்துக்கு ஏற்கெனவே வீட்டில் மதிப்பு குறைவாக இருந்ததால், அதைப் பறிப்பதை ஆலை ஒரு வசதியாகவே விளம்பரப்படுத்த முடிந்தது.

பாலியல் சுரண்டலுக்கான ஆள் வணிகத்தில் பணத்தின் இடத்தில் பெரும்பாலும் ஒரு வாக்குறுதி இருக்கும்: காதல், கல்யாணம், சினிமா வாய்ப்பு, நகரத்தில் வீட்டு வேலை. இப்போது அறிமுகம் போனில் நடக்கிறது. வீட்டில் அடியும் திட்டும் வாங்கும் பிள்ளைக்குத்தான் அந்தப் பக்கத்து இனிப்புப் பேச்சு அதிகம் எடுபடும்.

தரகர் யார்?

பெரும்பாலும் ஊர்க்காரர், அல்லது முன்பு அதே வேலைக்குப் போய்வந்தவர். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் பையன்களை அழைத்துப்போனவர்களைப் பிள்ளைகள் ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டார்கள். இன்னார் வீட்டில் கடன், இன்னார் மகன் பள்ளிக்குப் போவதில்லை என்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? தகவல்தான் தரகரின் முதலீடு. அவரும் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. வேலை வாங்கிக் கொடுத்ததாக நினைக்கிறார்.

மீட்ட பிறகு எங்கே தவறுகிறது

மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இது மாவட்டந்தோறும் உள்ள, குழந்தையின் பாதுகாப்பை முடிவு செய்யும் அதிகாரம் பெற்ற குழு. கூடவே கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். மொத்தச் சங்கிலியிலும் முக்கியமான காகிதம் அதுதான்: கடன் ரத்து என்பதற்கு அதுவே அத்தாட்சி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. குழந்தை என்றால் மொத்தம் 2 லட்சம், கொடுமையான சுரண்டல் என்றால் 3 லட்சம்.

நடைமுறையில் வழக்கு வெறும் குழந்தைத் தொழிலாளர் வழக்காகப் பதிவாகிறது. முதலாளி அபராதம் கட்டுகிறார், பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கதை முடிந்தது. விடுதலைச் சான்று இல்லாததால் கடன் ஊரில் உயிரோடு இருக்கிறது. பெருந்தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் அது வருடக்கணக்கில் வருவதில்லை. ஆறு மாதத்தில் அதே வீட்டிலிருந்து தம்பி போகிறான். இதைத் தடுக்க மாதாமாதம் வரும் சிறு தொகை பெரிய தொகையைவிட நன்றாக வேலை செய்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை போவதற்கு முன்பே, அப்பா இறந்த மாதமே விண்ணப்பிக்கலாம்.

வழியில் பார்த்தால்

பள்ளி நேரத்தில் மந்தையோடு ஒரு பையனைப் பார்த்தால் கீதாரியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அன்று இரவே மந்தையும் பையனும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். போட்டோ எடுத்துப் போடவும் வேண்டாம்; குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். 1098க்குக் கூப்பிடுங்கள், எந்நேரமும் கட்டணமில்லை. ‘டெல்டாவில் ஒரு பையன்’ என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஊர், பக்கத்திலுள்ள பஸ் நிறுத்தம் அல்லது மதகு, ஆடுகளின் முதுகில் பூசியிருக்கும் சாய நிறம், சுமாராக எத்தனை ஆடு, பார்த்த நேரம் இவற்றைச் சொல்லுங்கள்.

முடிந்தால் வயல்காரர் யார் என்றும் கேட்டுவையுங்கள். அங்கே இன்னும் எத்தனை இரவு கிடை என்று பேசியவர் அவர். மந்தை அடுத்து யார் வயலுக்குப் போகிறது என்பதும் ஊரில் முதலில் அவருக்குத்தான் தெரியும்.